பந்தலுக்குள்ள வந்த ஆளு

உக்காருங்க அண்ணாச்சி. இப்பிடி நகண்டு உக்காருங்க, அந்த ஓரத்துல பெஞ்சுக்கு ஒரு கால் ஆட்டம். காலையிலயே நான் கவுந்துருக்கணும், தப்பிச்சேன். என்ன, நெலத் தகராறா? சொல்லவே வேண்டாம், மொகத்தப் பாத்தாலே தெரியுது. பக்கத்து வயல்காரன் வரப்பத் தள்ளிப் போட்டுட்டானாக்கும். விடுங்க, விடுங்க. இங்க உக்காந்திருக்க முக்காவாசிப் பேரு அதுக்குத்தான் வந்திருக்கான்.

நான் சாட்சி. ஒரு தப்புந்தண்டாவும் பண்ணாம கோர்ட்டுப் படி ஏறுத ஆளு. கொலைக் கேசு. பதறாதீய, நான் கொலையப் பாக்கவும் இல்ல, சத்தத்தக் கேக்கவும் இல்ல. அந்த ஊரு எந்தத் தெசையில இருக்குன்னே அன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நான் கம்ப்யூட்டர்காரன். பேரு சொரிமுத்து. அம்பையில பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால கடை. பரீச்சைக்கு அப்ளிகேசன் போடுதது, பட்டா பேரு மாத்த எழுதிக் கொடுக்கது, கல்யாணப் பத்திரிகை அடிக்கது, யாராவது கேட்டா வெப்சைட்டு போட்டுக் கொடுக்கது. இதுதான் பொழப்பு. என்னையக் கொண்டாந்து அரிவாளுக்கும் ரத்தத்துக்கும் நடுவுல நிறுத்திட்டாவ.

இந்தக் கேசுல நானெல்லாம் சும்மா ஒப்புக்குச் சப்பாணி, பாத்துக்கிடுங்க. நெசமான சாட்சி ஒரே ஒரு ஆளுதான். பிரம்மசக்தின்னு ஒரு புள்ள. செத்தவனுக்குப் பொண்டாட்டி, கொன்னவனுக்குத் தங்கச்சி. ரெண்டும் அதே புள்ளதான். அது நாளைக்குக் கூண்டுல ஏறி, எங்க அண்ணன்தான் அரிவாளோட என் வீட்டுக்குள்ள இருந்து வந்தான்னு சொல்லணும். சொன்னாத்தான் கேசு நிக்கும். அது வாயத் தொறக்கலைன்னா அந்தப் பய சிரிச்சிக்கிட்டே வீட்டுக்குப் போயிருவான்னு அரசு வக்கீலே எங்கிட்ட சொன்னாரு. அதனாலதான் அந்தப் புள்ளைய இத்தன நாளும் பொத்திப் பொத்தி ஒளிச்சு வச்சிருக்காவ. உசுரோட நாளைக்கு இந்தப் படி ஏறணும். அம்புட்டுத்தான் வேண்டியது.

உங்களுக்கு இதுல எல்லாம் இஷ்டம் இருக்குன்னு தெரியுது. நல்லாக் கேக்கீய. நம்ம வீட்டுல எல்லாம் நான் வாயத் தொறந்தாலே எந்திரிச்சுப் போயிருதாவ.

இதுல எனக்கு என்ன சம்பந்தம்னா, சொல்லுதேன். பொருநை ரத்ததானச் சங்கம்னு எங்க பக்கம் ஒன்னு உண்டு. செயலாளரு ஞானதிரவியம் சாரு, ரிடையர்டு எட்மாஸ்டர். தங்கமான மனுசன். யாருக்காவது ரத்தம் வேணும்னா அவரு வீட்டுலதான் போன் அடிக்கும். அவரு ஒரு டைரிய வச்சுக்கிட்டு ஒவ்வொருத்தனா கூப்புட்டு, எய்யா வாரியா, ராசா வாரியான்னு கெஞ்சிக்கிட்டு இருப்பாரு. ஒரு நா எங்கிட்ட வந்து, சொரிமுத்து, என் கண்ணு மங்கிட்டு, இத எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி விடுடேன்னாரு. அதுக்குத்தான் அந்தப் பிளகின் எழுதுனேன்.

பிளகின்னா? அதாவது, வெப்சைட்டுங்கது ஒரு வீடுன்னு வச்சுக்கிடுங்க. வீடு ரெடிமேடாக் கெடைக்கும். அதுல நமக்கு வேணுங்கற ரூமை மட்டும் தனியாச் செஞ்சு கொண்டாந்து ஒட்டிக்கிடலாம். அந்த ஒட்டு ரூமுதான் பிளகின். நான் செஞ்ச ரூமுக்கு நான் வச்ச பேரு 'ரத்த உறவு'. எப்பிடிப் பேரு? ஞானதிரவியம் சாரு கேட்டுட்டு அப்பிடியே கையப் புடிச்சுக்கிட்டாரு. அவருக்குக் கண்ணு கலங்கிட்டு.

அதுல ஒரு வேலை பாத்தேன் அண்ணாச்சி, வேற எவனும் செய்யாத வேலை. மத்தவன் செஞ்சதுல என்ன இருக்கும்? பேரு, ஊரு, போன் நம்பரு, ரத்த குரூப்பு. அம்புட்டுத்தான். நம்ம ஊர்ல தெரு நம்பர வச்சு எந்த வீட்டையாவது கண்டுபுடிக்க முடியுமா? உசுரு போயிட்டுருக்க நேரத்துல வண்டிக்காரன் தெருத் தெருவா அலைய முடியுமா? அதனால நான் ஒரு கட்டம் வச்சேன். 'வீட்டுக்கு வழி.' எந்த ஸ்டாப்புல எறங்கணும், எதுத்தாப்புல என்ன கடை இருக்கு, கேட்டு என்ன கலரு, வீட்டுல யாரு யாரு எந்நேரம் இருப்பாவ. எல்லாம் அந்தக் கட்டத்துல எழுதிரணும். படிச்சா கண்ணக் கட்டிக்கிட்டுப் போயி கதவத் தட்டலாம். அந்தக் கட்டத்தால பொழச்ச உசுரு எத்தனையோ. அதப் பத்தி எந்தப் பேப்பர்லயும் வரல.

எல்லாரும் பாக்க முடியுமான்னா கேக்கீய? அதெப்பிடி முடியும்! பூட்டு போட்டிருந்தேன்லா. சங்கத்துல உறுப்பினராச் சேரணும். பேரு கொடுத்து, போன் நம்பரு கொடுத்து, போனுக்கு வார ரகசிய நம்பர அடிச்சு, பொறவுதான் உள்ள போவ முடியும். உள்ள போனா அவனவனுக்கு அவனவன் பக்கம். ஞானதிரவியம் சாருக்கு மட்டும் எல்லாரு பக்கமும். அவருக்குன்னு தனியா ஒரு பட்டன், அதத் தட்டுனா வரிசையா எல்லாப் பேரும் வரும். மத்தவங்க கண்ணுக்கு அந்தப் பட்டனே தெரியாது. மறைச்சு வச்சாச்சு. இதுக்கு மேல என்னய்யா வேணும் பாதுகாப்பு?

அந்தப் புள்ள எப்பிடி வந்துச்சுன்னா, அதையும் கேளுங்க. பம்பாய் குரூப்புன்னு ஒரு ரத்தம் இருக்கு. கேள்விப்பட்டிருக்கீயளா? ஆமாவா! பரவாயில்லையே, நெறையப் பேருக்குத் தெரியாது. பத்தாயிரத்துல ஒருத்தனுக்கு இருந்தாப் பெருசு. அந்த ரத்தக்காரனுக்கு அதே ரத்தந்தான் சேரும், வேற எத ஏத்துனாலும் ஆள் காலி. இந்தப் பிரம்மசக்தி, உப்பளத்துப் பக்கம் ஒரு ஊர்ல தையல் கம்பெனிக்குப் போயிட்டு இருந்துச்சு. கம்பெனியில ரத்ததான முகாம் போட்டாவ. குத்திப் பாத்தா பம்பாய் குரூப்பு. ஞானதிரவியம் சாரு விடுவாரா? வீட்டுக்கே போயிட்டாரு. அம்மா, நீ எங்க சங்கத்துல சேரணும்மான்னு நிக்காரு.

அது முதல்ல மாட்டேன்னுருக்கு. சார், நாங்க ஓடி வந்து கல்யாணம் முடிச்சவங்க, எங்க வீட்டுல தேடுதாங்க, பேரு வெளிய தெரியக் கூடாதுன்னு வெளிப்படையாவே சொல்லியிருக்கு. இவரு, பேரு வெளிய வராதும்மா, என்னையத் தவிர ஒரு ஈ காக்கா பாக்க முடியாதுன்னு அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்காரு. என்னைய நம்பித்தான் பண்ணியிருக்காரு. புள்ள, சின்ன வயசுல எனக்கு ரத்தம் கெடைக்காம எங்க அம்மா தரையில உருண்டு அழுதாவ சார், இன்னொரு அம்மா அழக் கூடாதுன்னு சேந்துட்டு. கட்டத்தை எல்லாம் ஒன்னு விடாம நெறப்பியிருந்துச்சு அண்ணாச்சி. பச்சைக் கேட்டு, எதுத்தாப்புல மாவு மில்லு. 'நான் பகலில் வேலைக்குப் போய்விடுவேன். கணவர் இரவு வேலை என்பதால் பகலில் வீட்டில் தூங்குவார், கதவை பலமாகத் தட்டவும்.' அப்பிடியே எழுதியிருந்துச்சு. போலீசு எங்கிட்ட இத வாசிச்சுக் காட்டுனப்ப போதும் சார், நிறுத்துங்கன்னுட்டேன். நானும் மனுசன்தான.

கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கிடுதேன்.

இதுக்கு நடுவுல ஒரு கூத்து நடந்துச்சு. அதத்தான் உள்ள கூப்புட்டுக் கேக்கப் போறாவ. நஸ்ரின்னு ஒரு பொண்ணு, பெங்களூர்ல கம்ப்யூட்டர் கம்பெனியில வேலையாம். அதுவும் சங்கத்துல உறுப்பினராச் சேந்திருந்துச்சு. திடீர்னு எனக்கு இங்கிலீசுல ஒரு மெயிலு. உங்க பிளகின்ல 'மிஸ்ஸிங் ஆத்தரைசேஷன்' இருக்கு, ஒடனே சரி பண்ணுங்கன்னு. எனக்குப் பொசுக்குன்னு கோவம் வந்துட்டு. ஆத்தரைசேஷன்னா என்ன? அனுமதி. மிஸ்ஸிங்னா என்ன? இல்ல. நான் அனுமதி இல்லாம நடத்துதேனாம்! எங்கிட்டயா அண்ணாச்சி? நம்ம கடையில தெனமும் ஆத்தரைசேஷன் லெட்டரு டைப் அடிச்சுக் கொடுக்கேன். பென்சன் வாங்க நடக்க முடியாதவங்க மகனுக்கு எழுதிக் கொடுப்பாவள்லா, அது. வண்டிக்கு ஆர்.சி. புக்கு வாங்கிட்டு வரச் சொல்லி எழுதுவாவள்லா, அது. ஊருக்கே ஆத்தரைசேஷன் அடிச்சுக் கொடுக்கவனுக்கு ஆத்தரைசேஷன் இல்லன்னு ஒரு சின்னப் புள்ள சொல்லுது.

நேரா ஞானதிரவியம் சார்ட்ட போனேன். சார், இப்பிடிப் பெங்களூர்ல இருந்து புகார் வருதுன்னேன். அவரு பயந்து போயிட்டாரு. ஒடனே சங்கத்து லெட்டர் பேடுல, 'திரு. சொரிமுத்து அவர்களுக்கு எமது இணையதளத்தை நடத்த முழு அனுமதி வழங்கப்படுகிறது'ன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, வட்டச் சீலு குத்திக் கொடுத்தாரு. அத ஸ்கேன் பண்ணி அந்தப் பொண்ணுக்கு அனுப்புனேன். வெப்சைட்டு முகப்புலயும் போட்டேன், 'முறையான அனுமதி பெற்றது'ன்னு. எவனும் நாக்கு மேல பல்லப் போட்டுப் பேசக் கூடாதுல்லா.

அது அடங்கணுமா இல்லையா? அடங்கல. இந்தத் தடவை தமிழ்ல எழுதுது. 'அண்ணா, நான் சொன்னது அந்த அனுமதி இல்லை. உள்ளே வருகிறவர் உறுப்பினரா என்று மட்டும் உங்க பிளகின் பார்க்கிறது. இந்தப் பக்கத்தைப் பார்க்க இவருக்கு உரிமை இருக்கிறதா என்று கேட்பதே இல்லை. மேலே விலாசப் பட்டியில் என் உறுப்பினர் எண் வருகிறது. அதை அழித்துவிட்டு வேறு எண்ணை அடித்தால் வேறு ஆளின் வீட்டு வழி வருகிறது. பட்டனை மறைத்தால் போதாது அண்ணா. யாருக்காவது ஆபத்து வரும்.' இப்பிடி.

நானும் அடிச்சுப் பாத்தேன். வரத்தான் செஞ்சுது. அதுக்கு என்ன இப்பம்? நம்ம பக்கம் கல்யாண வீட்டுல பாத்திருப்பீய. வாசல்ல ரெண்டு பேரு சந்தனக் கும்பாவும் கல்கண்டும் வச்சுக்கிட்டு நிப்பாவ. வாங்க வாங்கன்னு கும்புட்டு உள்ள விடுவாவ. அதுக்குப் பொறவு பந்தியில உக்காந்தவன்கிட்டப் போயி, நீ யாருடே, மாப்ள வீடா பொண்ணு வீடா, இந்த எலையில உக்கார ஒனக்கு என்ன உரிமைன்னு எவனாவது கேப்பானா? கேட்டா அது மரியாதையா? அன்னைக்கே வெட்டுக்குத்து ஆயிரும். சாப்ட்டீயளா, பாயாசம் வந்துச்சான்னுதான் கேப்போம். பந்தலுக்குள்ள வந்துட்டா அவன் நம்மாளு. ரத்தம் கொடுக்க வார புண்ணியவான ஒவ்வொரு கதவுலயும் நிறுத்தி, நீ யாரு நீ யாருன்னு கேட்டா, தூ நீயுமாச்சு ஒன் சங்கமுமாச்சுன்னு போயிருவான். இத எல்லாத்தையும் அந்தப் பொண்ணுக்கு வெவரமா எழுதுனேன். எழுதிட்டு அதோட உறுப்பினர் எண்ணை நீக்கிட்டேன். அடுத்தவன் பக்கத்த எட்டிப் பாத்தது யாரு? அதுதான? அதோட தொல்லை விட்டுச்சுன்னு நெனச்சேன்.

நீங்களே சொல்லுங்க, நான் செஞ்சது தப்பா? ... பாத்தீயளா, நீங்களே தலைய ஆட்டுதீய, தப்பில்லன்னு. போலீசுக்காரனுக்கு இது ஏற மாட்டேங்கு.

இப்பம் அந்தப் பயலுக்கு வாரேன். கொம்பையா. அண்ணங்காரன். ஹேக்கரு கீக்கருன்னு பேப்பர்ல எழுதுனானே, படிச்சுட்டு சிரிக்கதா அழுவுததான்னு தெரியல. செங்கச் சூளைக்கு லாரி ஓட்டுதவன் அண்ணாச்சி. அவனுக்கு என்ன ஹேக்கிங்கு தெரியும்? அவன் எதையும் ஒடைக்கல, திருடல. தங்கச்சி வேற ஆளுவ வீட்டுப் பையன், மந்திரமூர்த்தின்னு பேரு, அவனக் கட்டிக்கிட்டுப் போனதுல இருந்து இவன் ரோட்டுல தலை காட்ட முடியலைன்னு தேடிக்கிட்டே இருந்திருக்கான். நான் சாதி பாக்குதவன் இல்ல. இருந்தாலும் ஒரு வீட்டுக்குன்னு வருத்தம் இருக்கும்லா, அது வேற விசயம். தேடுனவனுக்கு ஒரு துப்பும் கெடைக்கல. ஒரு நா செல்போன்ல எதையோ பாத்துக்கிட்டு இருக்கப்ப நம்ம சங்கத்து முகப்பு வந்திருக்கு. அதுல நான் பெருமையா ஓட விட்டிருந்தேன், 'எங்களிடம் பம்பாய் குரூப் கொடையாளரும் உள்ளார்'னு. பேரு போடல. பேரு போடவே இல்ல, கவனிச்சுக்கிடுங்க.

அவனுக்குப் பேரு வேண்டியதில்ல. தங்கச்சிக்குச் சின்னப் புள்ளையில வயித்துல ஆபரேசன் நடந்தப்ப ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அந்தப் பம்பாய் ரத்தத்துக்குச் சைக்கிள மிதிச்சவனே இவன்தானாம். கெடைக்கலைன்னதும் டாக்டரு கால்ல விழுந்து, என் உசுர எடுத்துக்கிட்டு எந்தங்கச்சியக் காப்பாத்துங்கன்னு கதறியிருக்கான். அப்பிடிப்பட்ட பய அண்ணாச்சி. அதே பய.

அவன் முறையா சங்கத்துல சேந்தான். சொந்தப் பேரு, சொந்தப் போன் நம்பரு. ஒரு தடவை வந்து ரத்தங்கூடக் கொடுத்திருக்கான். சேந்த ஒடனே அவன் போனுக்கு, 'நல்வரவு! இன்றுமுதல் நீங்களும் எங்கள் ரத்த உறவு'ன்னு மெசேஜ் போயிருக்கு. அது தானாப் போறது, நான் ஒன்னும் ஒக்காந்து அனுப்பல. பொறவு அவன் பக்கத்துக்கு மேல உள்ள நம்பர மாத்தியிருக்கான். ஒன்னு கூட்டுனான், ஒன்னு கொறைச்சான். ஒவ்வொரு வீடா எட்டிப் பாத்துக்கிட்டே போயிருக்கான். தங்கச்சி பேரும் பச்சைக் கேட்டும் வந்ததும் நிறுத்திட்டான்.

பகல்லதான் போயிருக்கான். கதவ பலமாத் தட்டியிருக்கான். தூக்கக் கலக்கத்துல அந்தப் பையன் வந்து கதவத் தொறந்திருக்கான். அம்புட்டுத்தான்.

அந்தப் புள்ளைக்கு அன்னைக்குத் தலைவலி. கம்பெனியில பாதி நாள் லீவு சொல்லிட்டு வந்திருக்கு. கேட்டுகிட்ட அண்ணன் அரிவாளக் கழுவாம வாரான். இந்தப் புள்ள, 'அண்ணே'ன்னுருக்கு. அவன் அது தலையத் தடவிட்டுப் போயிட்டானாம். கழுத்துல கெடந்த தாலிய அது அன்னைக்கு கழட்டல, இன்னைக்கு வரைக்கும் கழட்டல. தீர்ப்பு வந்த பொறவுதான் கழட்டுவேன்னு சொல்லுது.

எனக்கு ரெண்டு நாளு சோறு எறங்கல. என் பொண்டாட்டி எங்கூடப் பேசுததே இல்ல. சோத்த வைக்கா, தண்ணிய வைக்கா, மொகத்தப் பாக்க மாட்டா. நான் என்ன வெட்டவா செஞ்சேன்? கடைக்கு வந்து கம்ப்யூட்டர அள்ளிட்டுப் போனாவ. சைபர் போலீசுல ஒரு ஆபீசரு, சின்ன வயசு, என்னைய நிக்க வச்சு, உள்ள வந்தவன் யாருன்னு பாத்தீரு, அவன் எதப் பாக்கலாம்னு ஏன்வே பாக்கலன்னு கேட்டான். அந்த நஸ்ரின் எழுதுனத அப்பிடியே படிச்சான். நான் ஞானதிரவியம் சாரு கொடுத்த அனுமதிக் கடிதத்த எடுத்து நீட்டுனேன். அவன் அத வாங்கி ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்துட்டு, போயி வெளிய உக்காருமுன்னான். வட்டச் சீலப் பாத்ததும் அடங்கிட்டாம்லா!

ஞானதிரவியம் சாருதான் பாவம். படுத்த படுக்கையாயிட்டாரு. நான் சத்தியம் பண்ணுனேன் சொரிமுத்து, அந்தப் புள்ள கையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனேன்னு அதையே சொல்லிக்கிட்டு இருக்காரு. வயசாயிட்டு, அவருக்கு மனசு தாங்கல. பிளகினா? ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. நம்ம சங்கத்துல எடுத்தாச்சு. வேற ஊருச் சங்கங்களுக்கும் கொடுத்திருந்தேன்லா, அவங்க வச்சிருக்காங்க. ஒரு சங்கத்துல இருந்துகூட ஒரு புகாரு வரல. நல்லா ஓடுத வண்டிய எதுக்குப் பிரிச்சுப் போடணும்?

நாளைக்கு அந்தப் புள்ள பேசிட்டா எல்லாம் முடிஞ்சிரும். தைரியமான புள்ள, பேசிரும். போன மாசங்கூட ரத்தம் கொடுத்துச்சு தெரியுமா? ஒரு கர்ப்பஸ்திரிக்கு பம்பாய் குரூப்பு வேண்டியதாப் போச்சு, வேற ஆளே இல்ல. கேக்கவே எங்களுக்குக் கூசுச்சு. போலீசு மூலமா கேட்டோம். ஒடனே வாரேன்னுட்டு. வண்டிக்காரன் லீவு, நான்தான் கார எடுத்துட்டுப் போயி கூட்டிட்டு வந்தேன். எறங்குதப்ப, அந்தக் கொழந்த நல்லாருக்கணும்னு சொல்லிச்சு.

எங்க இருந்துன்னா? அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது அண்ணாச்சி. ரகசியம்.

இல்ல, இல்ல, உங்களச் சொல்லல. உங்களப் போயி நான் சந்தேகப்படுவேனா? நீங்க பாக்கதுக்கே பெரிய மனுசன். அதோட, கீழ கேட்டுல அவ்வளவு சோதனை போட்டுத்தான உள்ள விடுதான். பையத் தொறந்து பாக்கான், மேலெல்லாம் தடவிப் பாக்கான், ஆதார் கார்டு காட்டச் சொல்லுதான். அதையெல்லாம் தாண்டி வந்து உக்காந்திருக்க ஆளு நீங்க. உங்ககிட்டச் சொல்லாம யாருகிட்டச் சொல்லுவேன். கன்னிமார்குளம் ஸ்டாப்பு இருக்குல்லா, அங்க எறங்கி மேக்க பாத்து நடந்தா அப்பளக் கம்பெனி. அதுக்கு மாடியில ஒரு லேடீஸ் ஹாஸ்டலு. வெளிய போர்டு கெடையாது, படிக்கட்டு மட்டும் நீலக் கலரு. அங்கதான் இருக்கு பாவம். காவலுக்கு ஒரு பொம்பளப் போலீசு, அதுவும் மப்டியில. நாளைக்குக் காலையில மொத பஸ்ஸுலதான் ரெண்டு பேரும் வாராவ. போலீசு வண்டியில வந்தா எல்லாரு கண்ணும் மேல விழும்னு அந்தப் புள்ளையே வேண்டாம்னுட்டு.

படிக்கட்டு நீலந்தான். ஆமா, நீலம். வழி சொல்லுததுல நான் தப்பே பண்ண மாட்டேன்.

அந்தா, கூட்டிட்டு வாராவ பாருங்க. அதான் கொம்பையா. ரெண்டு போலீசுக்கு நடுவுல, செவத்த சட்டை. மொகத்துல ஒரு பயம் இருக்கா பாருங்க. பொண்ணு பாக்கப் போற மாதிரி வாரான், மூதி. இங்கயே பாக்கான். என்னையத்தான் மொறைக்கான். நான் என்னத்தடே சொன்னேன் ஒன்னையப் பத்தி? நடந்ததத்தான சொல்லப் போறேன்.

என்னது? சித்தப்பாவா?

யாரக் கூப்புடுதான்? நமக்குப் பின்னால யாரும் இல்லையே. அண்ணாச்சி, அந்தப் பய உங்களப் பாத்தா சித்தப்பாங்கான்?

அண்ணாச்சி. எங்க எந்திரிச்சுட்டீய? நில்லுங்க. யாருக்குப் போன் போடுதீய? அண்ணாச்சி! நான் சும்மா சொன்னேன், கன்னிமார்குளம் இல்ல, வேற ஊரு, அண்ணாச்சி, ஒங்க கால்ல விழுதேன், நில்லுங்க!

அய்யா! போலீசய்யா! அந்த ஆளப் பிடிங்க! எறங்கிப் போறாரு பாருங்க, படியில, அவரத்தான். அவர வெளிய விடாதீய. அந்தப் புள்ளைய ஒடனே வேற எடத்துக்கு மாத்துங்க, ஒடனே போன் போடுங்க.

எந்த ஆளா? வெள்ள வேட்டி, வெள்ளச் சட்டை. ஆமாய்யா, எல்லாரும் அப்பிடித்தான் போட்டிருக்காவ, எனக்குத் தெரியுது. இம்புட்டு நேரம் எம் பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு.

பேரா?

பேரு... தெரியலையேய்யா.